மழைநீர் விழுந்த இடத்திலேயே இறங்கட்டும்

வீட்டு வாசலில் நீர் இறங்கும் தளம்: மூத்த குடிமக்களுக்கான விளக்கம்



ஈப்போவில் வாழ்பவர்களுக்குச் சாயங்கால மழை புதிதல்ல. பிற்பகலில் மலைப் பக்கம் வானம் கறுக்கும். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். பிறகு ஓய்ந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை இங்கே பெய்கிறது. ஏப்ரல் மாத வாக்கிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கூடுதலாக இருக்கும். மழை அன்றும் பெய்தது, இன்றும் பெய்கிறது. அது விழும் தரைதான் மாறிவிட்டது.

தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். வாசல் மண் தரை. சுற்றிலும் புல், வாழை, முருங்கை. மழை விட்ட சற்று நேரத்தில் நீர் மண்ணுக்குள் போய்விடும். இன்று பலர் தாமான் வீடுகளில் வசிக்கிறோம். முன்வாசலும் பின்வாசலும் முழுக்கச் சிமெண்டு. பல வீடுகளில் இந்தச் சிமெண்டைப் போட்டதே வீட்டிலுள்ள பெரியவர்களுக்காகத்தான். அம்மா சேற்றை மிதிக்கக் கூடாது, அப்பா சறுக்கி விழக்கூடாது, கூட்டிப் பெருக்க எளிதாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் அக்கறையோடு செய்தது அது. ஆனால் அதே சிமெண்டு வேறு சில தொல்லைகளைக் கொண்டுவந்திருக்கிறது. அவை என்ன, அவற்றைக் குறைக்கும் 'நீர் இறங்கும் தளம்' எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

சிமெண்டு வாசலில் விழும் மழை எங்கே போகிறது?

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு லிட்டர் நீர். உங்கள் வாசல் 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் என்றால், அது 24 சதுர மீட்டர். ஒரு கனமழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால், அந்த வாசலில் மட்டும் 1,200 லிட்டர் நீர் விழுகிறது. 20 லிட்டர் வாளியில் அளந்தால் 60 வாளி.

மண்ணாக இருந்தால் இதில் ஒரு பகுதி கீழே இறங்கும். மீதி மெதுவாக ஓடும். சிமெண்டில் ஏறக்குறைய முழுவதும் உடனே கால்வாய்க்கு ஓடுகிறது. ஒரு வரிசையில் 30 வீடுகள் இருந்தால் 36,000 லிட்டர் நீர் ஒரே நேரத்தில் ஒரே கால்வாயில் வந்து சேரும். கால்வாயில் குப்பையோ மண்ணோ அடைத்திருந்தால் நீர் பொங்கி, தாழ்வாக இருக்கும் வீட்டுக்குள் புகுந்துவிடும். நம் வாசல் சீக்கிரம் காய்ந்திருக்கலாம். அடுத்த தெருவில் ஒரு குடும்பம் அந்த நீரைத்தான் வாளியால் இறைத்துக்கொண்டிருக்கும்.

இதற்கும் உடல்நலத்திற்கும் என்ன தொடர்பு?

முதலாவது, டிங்கி. ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் வளர்கிறது. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். சிமெண்டுத் தரை காலப்போக்கில் அங்கங்கே இறங்கிப் பள்ளமாகும். அந்தப் பள்ளங்களிலும், வாட்டம் சரியில்லாத கால்வாய்களிலும் நீர் நிற்கும். நீர் காய்ந்தாலும் முட்டை சாவதில்லை. ஒட்டிய இடத்திலேயே பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

இரண்டாவது, சறுக்கி விழுதல். ஈரம் காயாத சிமெண்டில் பச்சைப் பாசி பிடிக்கும். இளைஞர் சறுக்கினால் எழுந்து போய்விடுவார். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை, பிறர் உதவியின்றி நடக்க முடியாத நிலை என்று அது நீண்டுவிடக்கூடும்.

மூன்றாவது, எலிச் சிறுநீர்க் காய்ச்சல். கால்வாய் பொங்கும்போது எலியின் சிறுநீர் கலந்த நீர் வாசலுக்கு வரும். காலில் சிறு வெட்டோ, வெடிப்போ, ஆறாத புண்ணோ இருந்தால் கிருமி அதன் வழியே உடலுக்குள் நுழையும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காலில் புண் இருப்பதே தெரியாமல் போகலாம். இந்த நோய் கண்டால் மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டிலிருந்து மலேசியாவில் விதி இருக்கிறது.

தோட்டத்தில் நாம் பார்த்த வழிதான்

மழைநீரை விழுந்த இடத்திலேயே நிறுத்தி மண்ணுக்குள் அனுப்புவது நமக்குப் புதிய பாடம் அல்ல. மேட்டுப் பாங்கான ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். சரிவில் படிப்படியாகத் தளம் வெட்டி மரம் நட்டார்கள். நிரைகளுக்கு இடையே குழிகள் தோண்டினார்கள். மழைநீர் ஓடிவந்து குழியில் நின்று, வண்டலைப் படியவிட்டு, மெல்ல மண்ணில் இறங்கும். இளம் ரப்பருக்கு இடையே கொடிப் பயிர் படரவிட்டார்கள். மேல்மண் அடித்துப் போகாமல் அது காத்தது.

தோட்டத்து மக்களின் உயிரோடு தொடர்புடைய இன்னொரு கதையும் உண்டு. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் மலேரியா கடுமையாகப் பரவியது. அங்கே அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் தேங்கிய நீரை வடியவைத்து நோயைக் கட்டுப்படுத்தினார். மேட்டு நிலத் தோட்டங்களில் அது போதவில்லை. அங்கே மலேரியாவைப் பரப்பிய கொசு, வெயில் படும் தெளிந்த ஊற்று நீரிலும் ஓடை நீரிலும் வளர்ந்தது. எனவே நிலத்துக்கு அடியில் மண் குழாய்கள் பதித்து, ஊற்று நீரைக் கண்ணில் படாமல் கொண்டுபோகும் முறையை அவர் பயன்படுத்தினார். கொசுவுக்கு முட்டையிட நீர்ப்பரப்பே கிடைக்கவில்லை. பிறகு கால்வாய்களில் எண்ணெய் தெளிக்கும் முறையும் பரவியது. முதுகில் எண்ணெய்த் தொட்டியைச் சுமந்துகொண்டு லயத்துக் கால்வாய் ஓரம் நடந்துபோன ஆட்களை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம்.

நீர் மேலே நிற்கக் கூடாது. தரைக்கு அடியில் இருக்க வேண்டும். நீர் இறங்கும் தளத்தின் அடிப்படையும் இதுதான்.

நீர் இறங்கும் தளம் என்றால் என்ன?

பார்ப்பதற்கு அது சாதாரண இன்டர்லாக் கல் தரை போலவே இருக்கும். வேறுபாடு கல்லுக்கு இடையிலும் கல்லுக்கு அடியிலும் இருக்கிறது. மேலிருந்து கீழே வரிசையாகப் பார்ப்போம்.

1. மேலே கெட்டியான கற்கள். கற்களுக்கு இடையே சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் மணலோ சிமெண்டோ போடுவதில்லை. பொடி ஜல்லி நிரப்புவார்கள். நீர் அதன் வழியே கீழே போகும்.

2. அதற்கு அடியில், கற்கள் ஆடாமல் உட்கார, சுமார் 5 சென்டிமீட்டர் கனத்தில் சிறு ஜல்லி.

3. அதற்கும் அடியில், தூள் நீக்கிக் கழுவிய பெரிய ஜல்லிக் கற்கள். இதுதான் நீர் தங்கும் தொட்டி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள காலி இடம் மொத்தக் கனத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அந்த இடத்தில் நீர் நிறையும்.

4. தேவையான இடங்களில், ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு வடிதுணி. அது நீரை விடும். மண் மேலே ஏறி ஜல்லியை அடைக்காமல் தடுக்கும்.

5. மண் நீரை மெதுவாக உறிஞ்சும் இடமாக இருந்தால், ஜல்லிக்குள் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்துக் கால்வாயோடு இணைப்பார்கள். மீந்த நீர் அதன் வழியே மெல்ல வடியும்.

முன்பு பார்த்த 24 சதுர மீட்டர் வாசலையே எடுத்துக்கொள்வோம். ஜல்லி 30 சென்டிமீட்டர் ஆழம் என்றால், அதில் பத்தில் மூன்று பங்கு காலி இடம் என்று வைத்தாலும், 2,000 லிட்டருக்கு மேல் நீர் தங்கும். அந்த வாசலில் விழும் 1,200 லிட்டரும் ஒரே நேரத்தில் வந்தாலும் உள்ளே இடம் இருக்கிறது. நீர் வாசலில் நிற்காது. கால்வாய்க்கும் ஒரேயடியாகப் பாயாது.

'உள்ளே நிற்கும் நீரில் கொசு வளராதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சரியாக அமைத்த தளத்தில் நீர் கல்லுக்கு அடியில் மறைந்திருக்கும். இரண்டு மூன்று நாட்களுக்குள் வடிந்தும் விடும். கொசு வளரத் தேவையான நாட்கள் அதற்குக் கிடைப்பதில்லை. ஆகவே தளம் போடுபவரிடம், 'இந்த நீர் எத்தனை நாளில் வடியும்?' என்று கட்டாயம் கேளுங்கள்.

நம் நாட்டில் இது எப்படி வந்தது?

மழைநீரை முடிந்தவரை வேகமாக ஆற்றுக்குத் தள்ளுவதுதான் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அதனால் ஆற்றோரத் தாழ்நிலங்களில் வெள்ளம் கூடியது. எனவே நீர்ப்பாசன வடிகால் இலாகா, நகர மழைநீரைக் கையாள்வதற்கு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. 2001-ஆம் ஆண்டிலிருந்து புதிய மேம்பாட்டுத் திட்டங்களுக்கு அது நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2012-இல் வந்தது. மழைநீரை அது விழும் இடத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும் என்பது அந்த நூலின் சாரம்.

இதற்கு ஒரு முன்மாதிரி பேராக்கின் எல்லைக்கு அருகிலேயே இருக்கிறது. யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் முன்பு பேராக்கில் ஸ்ரீ இஸ்கண்டாரில் இருந்தது. பின்னர் நிபோங் தெபாலுக்கு மாறியது. அங்கே வழக்கமான சிமெண்டுக் கால்வாய்களுக்குப் பதிலாக, புல் படர்ந்த ஆழமற்ற வாய்க்கால்களை அமைத்தார்கள். நீர் புல்லிலும் மணலிலும் வடிகட்டப்பட்டு, அடியில் உள்ள பாதை வழியாகக் குளங்களுக்குப் போகிறது. 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தின் கருத்தும், வீட்டு வாசலில் போடும் நீர் இறங்கும் தளத்தின் கருத்தும் ஒன்றுதான்.

கிந்தா பள்ளத்தாக்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லா மண்ணும் ஒன்றல்ல. பேராக்கில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

சுண்ணாம்புப் பாறை: ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளை நாம் தினமும் பார்க்கிறோம். அதே பாறை பள்ளத்தாக்கில் பல இடங்களில் தரைக்கு அடியிலும் இருக்கிறது. அதில் பொந்துகளும் குகைகளும் உண்டு. நீரை ஒரே இடத்தில் குவித்து இறக்கினால் மண் அரித்துத் தரை திடீரென உள்வாங்கலாம். அத்தகைய இடத்தில் நீரை மண்ணுக்குள் விடாமல், அடியில் நீர் புகாத விரிப்புப் போட்டு, குழாய் வழியே மெல்ல வடியவிடும் வகையைப் பொறியாளர் பரிந்துரைக்கலாம்.

பழைய ஈயக் குட்டை நிலம்: ஈயம் எடுத்த நிலத்தில் சில இடங்களில் மணல் இருக்கும், நீர் விரைவாக இறங்கும். சில இடங்களில் நொழுநொழுவென்ற களிமண் இருக்கும். நீர் இறங்கவே இறங்காது. ஒரே தாமானில்கூட இரண்டும் இருக்கலாம்.

மேட்டு நிலமும் பழைய தோட்ட நிலமும்: சரிவு அதிகமாக இருந்தால் நீர் அடியில் ஓடிக் கீழ்ப்பக்கம் கசியும். சரிவான வாசலுக்கும், அணைச்சுவருக்கு மேலே உள்ள இடத்திற்கும் இந்தத் தளம் ஏற்றதல்ல.

மண்ணைப் பற்றி ஓரளவு தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. பிள்ளைகள் யாரையாவது ஒரு முழம் ஆழக் குழி தோண்டச் சொல்லுங்கள். அதில் நீர் நிரப்பி வற்ற விடுங்கள். மறுபடியும் நிரப்புங்கள். ஒரு நாள் ஆகியும் நீர் அப்படியே இருந்தால், குழாய் இல்லாமல் அந்த மண்ணில் தளம் போடக்கூடாது. சோதனை முடிந்ததும் குழியை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே கொசுவுக்கு வீடாகும். யாராவது இடறியும் விழலாம்.

வீட்டுச் சுவர், கிணறு, மலத்தொட்டி ஆகியவற்றை ஒட்டி நீரை இறக்கக் கூடாது. எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதைப் பொறியாளரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். கூரைப் பீலியிலிருந்து வரும் நீர் முழுவதையும் இந்தத் தளத்தில் திருப்பிவிடாதீர்கள். அதற்கென்று கணக்கிட்டு அமைத்திருந்தால் மட்டுமே அது தாங்கும்.

பெரியவர்கள் நடக்க எந்தக் கல் நல்லது?

சில கடைகளில் நடுவே பெரிய ஓட்டைகள் உள்ள சிமெண்டுக் கற்களைக் காட்டுவார்கள். ஓட்டைகளில் புல் வளரும்; பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கைத்தடியின் நுனியும், நடைச்சட்டத்தின் காலும், சக்கர நாற்காலியின் சிறு சக்கரமும் அதில் மாட்டிக்கொள்ளும். கார் நிறுத்தும் இடத்திற்கு வேண்டுமானால் அது பொருந்தும். நீங்கள் நடக்கும் பாதைக்கு வேண்டாம்.

மேற்பரப்பு சமமான, சற்றுச் சொரசொரப்பான, இடைவெளி குறுகிய கற்களையே கேளுங்கள். கதவிலிருந்து கேட்டு வரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஓரத்துக் கற்கள் நகராமல் கரைக்கட்டு இருக்க வேண்டும். கல் ஒன்று எழும்பி நின்றால் அன்றே சரிசெய்யச் சொல்லுங்கள்.

பராமரிப்பு

இந்தத் தளத்தின் எதிரி மண்ணும் சருகும்தான். இடைவெளி அடைத்துப்போனால் அதுவும் சிமெண்டுத் தரை போலத்தான்.

வாரம் ஒரு முறை சருகைக் கூட்டி அள்ளுங்கள். கல் இடுக்கில் தள்ளிவிடாதீர்கள்.

பூச்சட்டி மண், மணல், சிமெண்டு ஆகியவற்றைத் தளத்தின் மேல் குவித்து வைக்காதீர்கள்.

இடுக்கில் முளைக்கும் களையைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். களைக்கொல்லி அடிக்க வேண்டாம். அது நீரோடு மண்ணில் இறங்கும். அதே காரணத்தால் வண்டி எண்ணெய், சாயம், பூச்சிமருந்து எதையும் அங்கே ஊற்றக் கூடாது.

இடுக்கில் ஜல்லி குறைந்தால் அதே அளவுப் பொடி ஜல்லியைப் போட்டு நிரப்புங்கள். மணல் போடாதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். உடனே உள்ளே போனால் நல்லது. குளம் போல் நின்றால் இடுக்கைச் சுத்தம் செய்ய ஆள் தேவை.

வேலை தொடங்கும் முன்

வீட்டு வாசலில் பெரிய மாற்றம் செய்யும் முன் ஈப்போ மாநகர் மன்றத்திடமோ, உங்கள் பகுதி ஊராட்சி மன்றத்திடமோ கேளுங்கள். வீட்டுக்கு வெளியே உள்ள கால்வாயை மூடுவதும், அதன் மேல் தளம் போடுவதும் அனுமதியின்றிச் செய்யக் கூடாதவை. குத்தகையாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: அடியில் எவ்வளவு ஆழம் ஜல்லி? ஜல்லி கழுவியதா? இடுக்கில் என்ன நிரப்புவீர்கள்? மீந்த நீர் எங்கே போகும்? மணல் மேல் கல் அடுக்கி, இடுக்கிலும் மணல் தள்ளுவதாகச் சொன்னால், அது சாதாரணக் கல் தரை. நீர் இறங்கும் தளம் அல்ல.

அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியவை

வாசல் முழுவதையும் மாற்றுவதற்கு எல்லோரிடமும் வசதி இருக்காது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். இன்னும் சிமெண்டு போடாத இடம் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதுவே பெரிய உதவி. புதிதாகத் தளம் போடுவதாக இருந்தால், நடக்கும் பாதைக்கும் கார் நிற்கும் இடத்திற்கும் மட்டும் போட்டு, வேலி ஓரமாக இரண்டு முழ அகலம் மண்ணாக விடுங்கள். அங்கே கறிவேப்பிலையும் துளசியும் வைக்கலாம். ஏற்கெனவே உள்ள சிமெண்டில் பள்ளம் இருந்தால் அதை மட்டும் நிரப்பிச் சமப்படுத்துங்கள். பாசி பிடித்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நீங்களே ஈரத்தில் இறங்க வேண்டாம். தாமானில் கோத்தோங் ரோயோங் நடக்கும்போது கால்வாய் அடைப்புகளை எடுத்துக்காட்டுங்கள். எந்த மழையில் எந்த மூலையில் நீர் நிற்கும் என்பது அங்கேயே பல ஆண்டுகள் இருந்த உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இந்தத் தளத்தால் முடியாதவை

ஆறு பெருகி வரும் வெள்ளத்தை வாசல் தளம் தடுக்காது. டிங்கியையும் அது மட்டும் ஒழித்துவிடாது. ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றியுள்ள வாளி, பூச்சட்டித் தட்டு, பழைய டயர், கூரைப் பீலி போன்றவற்றில்தான் வளர்கிறது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி, தேங்கிய நீரைக் கொட்டி, பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

வெள்ள நீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். இறங்க நேர்ந்தால் காலணி அணிந்து இறங்குங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக் கால் விரல் இடுக்குகளைப் பாருங்கள்.

காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்குச் செல்லுங்கள். வாசலில் வெள்ளம் வந்ததையும், அக்கம்பக்கத்தில் டிங்கி இருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிக்கென்று ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். டிங்கியாக இருந்தால் இரத்தக் கசிவு கூடும். இதய நோய்க்காக மருத்துவர் தந்த ஆஸ்பிரினை நாள்தோறும் சாப்பிடுபவர்கள் அதையும் மருத்துவரிடம் கூறுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். டிங்கியில் இவை காய்ச்சல் குறையும் வேளையில்தான் பெரும்பாலும் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலி, கண் சிவத்தல், கண்ணிலும் தோலிலும் மஞ்சள் நிறம் ஆகியவை எலிச் சிறுநீர்க் காய்ச்சலில் காணப்படும். இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்த முறை பிள்ளைகள், 'வாசல் முழுக்கச் சிமெண்டு போட்டுவிடலாமா?' என்று கேட்டால், இந்தக் கையேட்டை அவர்களிடம் கொடுங்கள். அடுத்த மழையின்போது வீட்டுக்குள் இருந்தபடியே வாசலைப் பாருங்கள். நீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று பார்த்து அவர்களிடம் சொல்லுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.